பன்னிரண்டு வோல்ட்டுப் பெட்டி

இப்படி வந்து உட்காருங்கம்மா. அந்த ஓரம் வேண்டாம், கொஞ்ச நேரத்தில் வெயில் வந்துரும். காடைக்குஞ்சு வாங்கவா வந்திருக்கீங்க? களக்காடா? நல்லது, நல்லது. குஞ்சு எடுக்க இன்னும் நேரம் ஆகும்னு இசக்கியம்மா சொல்லுதா. அவதான் இந்தப் பண்ணையில் குஞ்சு பொரிக்குத மிஷின் அறையைப் பார்த்துக்கிடுதவ. நம்மளை உள்ளே விடமாட்டா. கால் அழுக்கு, செருப்பு அழுக்குன்னு விரட்டுவா.

நான் குஞ்சு வாங்க வரலை. என் பேரு புஷ்பபாய், பாளையங்கோட்டை. காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்தவ. இந்தப் பெஞ்சில் உட்காருதேன், எழும்புதேன், அந்தக் கண்ணாடி வழியா எட்டிப் பார்க்கேன், திரும்ப வந்து உட்காருதேன். இதுதான் காலையிலிருந்து என் வேலை.

உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்லா? கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லுங்க. மிஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூலு, அது மேல ஒரு தகரப் பெட்டி. அதில் சிவப்பு லைட்டு எரியுதா? எரியுதுதானே? ஸ்தோத்திரம். எரியட்டும் ஆண்டவரே, எரியட்டும்.

அது என் மகன் ஆசீர் செஞ்ச பெட்டி. அவன் இன்னைக்கு ராத்திரி கத்தாருக்குப் போறான். பை கட்டி வாசல்கிட்ட வச்சாச்சு. பண்ணைக்காரர் பலவேசம் அண்ணாச்சி வந்து, அந்தப் பெட்டியைப் பார்த்து, சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டார்னா அவன் போக வேண்டாம். அதுக்குத்தான் பெட்டியைத் தூக்கிட்டு வந்து காத்துக் கிடக்கேன். அவனுக்குத் தெரியாது. ஜெபக்கூட்டத்துக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லியிருக்கேன். அது பொய்யாம்மா? பாளையங்கோட்டையிலிருந்து இங்க வர்ற வரைக்கும் ஜெபம்தான் பண்ணிட்டு வந்தேன்.

அது என்ன பெட்டின்னு கேக்கீங்களா? எனக்கு எட்டாங்கிளாஸ்தான் படிப்பு. ஆனா அவன் சொல்லிச் சொல்லிக் கேட்டதில் மனப்பாடம் ஆயிட்டு. மிஷினுக்குள்ள காத்தாடி இருக்கு, முட்டையைப் புரட்டி விடுத சின்ன மோட்டார் இருக்கு. அதுக்கெல்லாம் வீட்டுக் கரண்டு ஆகாது. பன்னிரண்டு வோல்ட்டு டி.சி. வேணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இங்க கரண்டு எப்படின்னு உங்களுக்கே தெரியும். மத்தியானம் ஏறும், ராத்திரி எல்லாரும் மோட்டார் போட்டா இறங்கும். கடையில் அண்ணாச்சி வாங்கி மாட்டுத அடாப்டர் எல்லாம் ஒரு மாசம் உழைச்சா அதிசயம். காத்தாடி நின்னா ஒரு பக்கத்து முட்டை வேகும், மறுபக்கத்து முட்டை விறைக்கும். அதான் ஆசீர்கிட்ட கேட்டார். 'ஏ தம்பி, எது வந்தாலும் தாங்குத மாதிரி ஒண்ணு செஞ்சு தா. நல்லாருந்தா என் மிஷினு அத்தனைக்கும் நீதான். எனக்குத் தெரிஞ்ச பண்ணைக்கும் சொல்லுதேன்' அப்படின்னார்.

அவன் ஓசூரில் இன்வெர்ட்டர் கம்பெனியில் இருந்தவன். கம்பெனியை மூடிட்டாங்க. வீட்டுக்கு வந்து, ஜங்ஷன்ல ஒரு சர்வீஸ் கடையில் பாதி நாள் வேலை. முப்பத்திரண்டு வயசு. பெண் கேட்டுப் போற இடத்தில் எல்லாம் 'பையன் என்ன செய்யான்?'னு கேக்காங்க. 'ரிப்பேர் பாக்கான்'னு சொன்னா காபியோட அனுப்பிருதாங்க. இதில் அண்ணாச்சி இப்படிக் கேட்டதும் அவன் முகத்தைப் பார்க்கணுமே நீங்க. சின்ன வயசில் சர்ச் அசன விருந்துக்கு முதல் பந்தியில் இடம் கிடைச்சா ஒரு முகம் வைப்பான், அந்த முகம்.

சாப்பாட்டு மேசையைப் பிடிச்சுக்கிட்டான். எனக்குப் புரியட்டும்னு தண்ணியை வச்சுச் சொன்னான். 'அம்மா, டிரான்ஸ்ஃபார்மர் பெரிய வேகத்தைச் சின்ன வேகம் ஆக்கும். இந்த நாலு டயோடும் ஒருவழிக் கதவு, போன கரண்டு திரும்பி வராது. இந்த உருளை கப்பாசிட்டர், நம்ம மாடித் தொட்டி மாதிரி. வர்றது விட்டு விட்டு வந்தாலும் போறது ஒரே சீராப் போகும். கடைசியில் இந்த மூணு கால் உள்ள சாமான், ரெகுலேட்டர். உள்ளே பதினஞ்சு வந்தாலும் இருபது வந்தாலும் வெளியே பன்னிரண்டுதான் விடும்.'

'மிச்சம் எங்கப்பா போகும்?'னு கேட்டேன்.

'மிச்சத்தைச் சூடாக்கி வெளியே தள்ளிரும்மா. அதுக்குத்தான் முதுகுல இந்த அலுமினியம்.' சீப்பு மாதிரி பல்லு பல்லா ஒரு அலுமினியக் கட்டி. ஹீட் சிங்க்காம். பெட்டிக்கு வெளியே தெரியும்படி வச்சிருந்தான்.

பாவமா இருந்துச்சும்மா எனக்கு. மத்தவங்களுக்கு வேண்டாத சூட்டையெல்லாம் தான் வாங்கிக்கிட்டு, சீரா ஒண்ணைக் குடுக்குத ஒரு சாமான். நம்ம பொம்பளைங்க மாதிரிதான்னு நினைச்சேன். சொன்னா சிரிப்பான், சொல்லலை.

எத்தனை வோல்ட்டு டிரான்ஸ்ஃபார்மர் போடணும்கிறதிலேயே அவனுக்குத் தூக்கம் போச்சு. பெரிசாப் போட்டா மிச்சம் கூட, சூடு கூட. சின்னதாப் போட்டா ராத்திரி கரண்டு இறங்குத நேரம் பன்னிரண்டு நிக்காது, தொட்டி வத்திரும். பேப்பரைக் கிழிச்சுக் கிழிச்சுப் போட்டான். ஒருவழியா ஒண்ணை முடிவு பண்ணி, பெட்டியை அடைச்சு, ரெண்டு காத்தாடியும் ஒரு பைக் பல்பும் மாட்டி ஓட விட்டான். காரில் வைப்பாங்கள்லா சின்னக் கடிகாரம், அதையும் மாட்டினான். கரண்டு ஒரு நிமிஷம் நின்னாலும் அது பன்னிரண்டு பன்னிரண்டுன்னு கண்ணைச் சிமிட்ட ஆரம்பிச்சுரும். ஆள் இல்லாத நேரம் பெட்டி நின்னுச்சான்னு கண்டுபிடிக்க அது. ஒரு வாரம் நிக்காம ஓடணும், அதுக்குப் பிறகுதான் அண்ணாச்சிக்குச் சொல்லணும்னு வச்சிருந்தான்.

ஓடிச்சு. அருமையா ஓடிச்சு. மூணாம் நாள் ஒரு பல்லி மேல இருந்து விழுந்து, மூடியில் இருந்த ஓட்டை வழியாப் போய், செத்துப் போச்சு. பெட்டியும் நின்னுட்டு. அவன் பல்லியை எடுத்துப் போட்டு, ஓட்டைக்கு வலை ஒட்டி, திரும்ப முதலில் இருந்து ஆரம்பிச்சான். எனக்கு மனசு கேக்கலை. அடுத்த வீட்டை வேற இடிச்சிட்டு இருந்தாங்க, சிமெண்ட்டுத் தூசி வீடு முழுக்க. ஒரு உறை தச்சேன்.

எங்க வீட்டில் உறை இல்லாத சாமான் கிடையாதும்மா. டி.வி., மிக்ஸி, கிரைண்டர், தையல் மிஷின், கேஸ் சிலிண்டர் எல்லாத்துக்கும் உண்டு. என் மக ஹெப்சி கேலி பண்ணுவா, 'அம்மாவை விட்டா ஆயருக்கும் உறை போட்டுருவாங்க'ன்னு. இதுக்கு நல்ல வெல்வெட்டு எடுத்து, உள்ளே கெட்டியா லைனிங் குடுத்து, ஓரத்தில் லேஸ் வச்சு, முன்னால ரெண்டு லீலிப் பூ. இந்தா பாருங்க, மடியில் வச்சிருக்கேன். தொட்டுப் பாருங்க. கடையில் கிடைக்குமா?

முதல் நாளே பார்த்துட்டான். 'அம்மா, இது டி.வி. இல்ல. மூடாதீங்க. இதுக்குக் காத்து படணும்'னான். சரிப்பான்னு எடுத்துட்டேன். அவனுக்கு லேஸுன்னா வெட்கம். சின்ன வயசில் ஹெப்சியோட ஃப்ராக் லேஸை அவன் சட்டைக் காலரில் வச்சுத் தச்சதிலிருந்தே அப்படித்தான். கூட்டாளிங்க பார்த்தா சிரிப்பாங்கன்னு நினைப்பான். ஆம்பளைப் பிள்ளை, விடுங்க. அவன் கடைக்குப் போனதும் மூடுவேன், வண்டிச் சத்தம் கேட்டதும் எடுத்துருவேன். அவன் முகமும் வாடக்கூடாது, பெட்டியிலும் தூசி விழக்கூடாதுல்லா. காத்து படணும்னானே, அதுக்கு மேல ஃபேனையும் போட்டு விட்டிருந்தேன்.

அங்கதாம்மா சத்துரு புகுந்தான். ஆசீர் வீட்டில் இருக்கும்போது பெட்டி ஓடும், ராத்திரி முழுக்க ஓடும். கடைக்குப் போயிட்டு வந்து பார்த்தா கடிகாரம் கண்ணைச் சிமிட்டிட்டு இருக்கும். பல்பு எரியும், ஆனா நடுவில் நின்னிருக்கு.

'அம்மா, வீட்டுல கரண்டு போச்சா?'

'இல்லியே ராசா. கிரைண்டர் ஓடிச்சே.'

மறுநாளும் அப்படித்தான். அதுக்கு அடுத்த நாள் நானே பார்த்தேன். உறையைத் தூக்கிப் பார்த்தா பல்பு அணைஞ்சு கிடக்கு. உறையை எடுத்து வச்சிட்டு, பெட்டி பக்கத்தில் முழங்கால் போட்டு, ஆண்டவரே, இந்தப் பிள்ளையோட கையின் வேலையை உறுதிப்படுத்தும்னு கண்ணை மூடி அழுதேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறக்குதேன், பல்பு எரியுது! சாட்சி சொல்லுதேம்மா, என் கண்ணால் பார்த்தது. யாரும் தொடலை. ஸ்தோத்திரம் சொல்லி, பத்திரமா உறையைப் போட்டுட்டுப் போய் சமையலைப் பார்த்தேன்.

அவன்கிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். ஜெபத்தில் எழும்பிட்டுப்பான்னேன். சிரிக்கலை அவன். 'தானாவே வந்துச்சா? எவ்வளவு நேரத்துல?'ன்னு கேட்டு, நெத்தியைத் தடவிட்டு, 'சூடு தாங்காம நின்னுருக்கு. ஆறினதும் வந்துருக்கு'ன்னான். ஒவ்வொருத்தருக்கும் ஒரு விளக்கம்.

அதிலிருந்து அவனைப் பார்க்கச் சகிக்கலை. அலுமினியத்தைப் பெரிசாக்கினான். நானும் உறையைப் பிரிச்சு அதுக்குத் தக்கன பெரிசாக்கினேன். திரும்ப நின்னுச்சு. டிரான்ஸ்ஃபார்மரைச் சின்னதாப் போட்டுப் பார்த்தான். சூடு குறைஞ்சிட்டு, ஆனா ராத்திரி எட்டு மணிக்கு மேல பல்பு மங்குது, காத்தாடி முனகுது. திரும்பப் பெரிசு. ராத்திரி எழும்பி உட்கார்ந்து அந்த அலுமினியத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். 'அம்மா, என் முன்னால இருக்கும்போது இளஞ்சூடுதான். நான் வெளியே போனா கொதிக்குது. இது என்ன மாயம்? எனக்குக் கணக்கே தெரியலையா? ஓசூருல நான் என்னத்தப் படிச்சேன்?'

சோறு இறங்கலை அவனுக்கு. நான் உபவாசம் இருந்தேன். ரெண்டு பேரும் சாப்பிடாம இருந்த வீட்டில் பெட்டி மட்டும் சூடா இருந்துச்சு.

இந்த நேரம் பார்த்து அண்ணாச்சி திருநெல்வேலிக்கு வந்தவர், 'அப்படியே பெட்டியைப் பார்த்துட்டுப் போறேன்'னுட்டார். ஆசீர் வண்டியில் போய்க் கூட்டிட்டு வந்தான். சத்தம் கேட்டதும் நான் உறையை உருவி நாற்காலிக்குப் பின்னால போட்டேன். அவர் உள்ளே வரவும் பெட்டி நிக்கவும் சரியா இருந்துச்சு. பல்பு அணைஞ்சிட்டு. அண்ணாச்சி போய் அலுமினியத்தில் விரலை வச்சார், 'யாத்தீ!'ன்னு உதறினார்.

'ஏல தம்பி, நான் பெட்டி கேட்டேனா, தோசைக்கல் கேட்டேனா? இத என் மிஷின்ல மாட்டினா குஞ்சு வராதுல, ஆம்லெட்டுதான் வரும்.'

நல்ல மனுசர், வேடிக்கையாத்தான் சொன்னார். நான் போட்டுக் குடுத்த காபியையும் குடிச்சுட்டுத்தான் போனார். ஆனா அவன் சிரிக்கலையே. 'இல்ல அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் பாக்கணும்'னான். அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரியே தோஹாவில் இருக்க மாப்பிள்ளைக்கு, ஹெப்சி வீட்டுக்காரருக்கு, போன் போட்டு, 'அத்தான், நீங்க சொன்ன வேலைக்கு வாரேன்'னுட்டான். ஏதோ கட்டடத்தில் ஏ.சி. பராமரிப்பாம். 'இது என்ன வேலைடா, உன் படிப்புக்கு?'னு ஹெப்சியே கேட்டா. 'எனக்குச் சொந்தமா ஒண்ணும் செய்ய வராதுன்னு தெரிஞ்சிட்டுக்கா'ன்னு சொன்னான்.

அந்த வார்த்தைதாம்மா. அவன் தூரமாப் போறதுகூடப் பரவாயில்ல, ஊர் உலகத்தில் போகாத பிள்ளையா? இந்த வார்த்தையை மனசில் வச்சிட்டுப் போகக்கூடாது. அதான் பெட்டியைத் தூக்கிட்டு ஓடி வந்தேன். அண்ணாச்சி கால்ல விழுந்தாவது, இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கன்னு கேக்கணும்.

வந்தா இங்க அண்ணாச்சி இல்ல, தீவனம் எடுக்க வள்ளியூர் போயிட்டார். இசக்கியம்மா தலையில் கையை வச்சிட்டு நிக்கா. விடியக்காலம் கடை அடாப்டர் புகைஞ்சு போச்சாம், காத்தாடி நின்னுட்டாம், இன்னைக்குப் பொரிக்க வேண்டிய முட்டை உள்ளே கிடக்கு. 'ஏக்கா, அது என்ன பெட்டி? பன்னிரண்டா? குடு இங்க!'ன்னு என் கையிலிருந்து பிடுங்கி மாட்டிட்டா. நான் பின்னாலேயே உறையை எடுத்துட்டுப் போனேன், வாசலிலேயே தடுத்துட்டா. காலையிலிருந்து உறை இல்லாம அநாதையா ஓடிட்டு இருக்கு. அந்த அறையில் பாருங்க, எவ்வளவு இறகுத் தூவி பறக்குது, தூசி பறக்குது. அதுதான் எனக்குப் பதறுது. எந்த நேரம் நிக்குமோ.

ஏட்டி இசக்கியம்மா! இங்க வா. நான் உள்ள வரலை தாயி, நீயே கொண்டு போ. இந்த உறையை அந்தப் பெட்டி மேல நல்லா இழுத்து மூடி விடு. பின்பக்கம் அலுமினியம் தெரியக் கூடாது, அங்கதான் தூசி அடையும். என்ன? என்ன கையில? ஐயோ, நனைஞ்சு போயில்லா இருக்கு. முதல் குஞ்சா? நடுங்குதே. துணியா? ஏட்டி, அது வெல்வெட்டுட்டி! அது பெட்டிக்கு... சரி. சரி, எடுத்துக்கோ. உயிரு முக்கியம்லா. நல்லாச் சுத்து. இந்தாங்கம்மா, உங்க மடியில் வச்சுக்கிடுங்க, உடம்புச் சூடு படட்டும். அவளுக்கு உள்ளே வேலை கிடக்கு.

அந்தா, ஜீப்பு. அண்ணாச்சிதான்.

வணக்கம் அண்ணாச்சி. ஆமா, ஆசீர் அம்மாதான். இல்ல, அவன் வரலை. நான்தான்... நீங்க உள்ளே போய்ப் பாருங்க அண்ணாச்சி, நான் இங்கயே நிக்கேன்.

உள்ளே போயிட்டார். இசக்கியம்மாட்ட என்னமோ கேக்கார். கையை நீட்டுதார். நீங்க பாருங்கம்மா, நான் பார்க்கலை. ஆண்டவரே, ஆண்டவரே. தொட்டுட்டாரா? கையை எடுக்கலையா? உதறலையா?

என்ன அண்ணாச்சி? இளஞ்சூடா? காலையிலிருந்து ஒருதரம்கூட நிக்கலை அண்ணாச்சி, அவளையே கேளுங்க. நான் ஒண்ணும் செய்யலை. ஜெபம்தான். ஆமா, இன்னைக்கு ராத்திரிதான் கிளம்புதான். அய்யா, அப்படிச் சொல்லாதீங்க. அவன் ஊர்ல இருந்தா பேசலாம்னு சொல்லுதீங்களா? இருப்பான் அண்ணாச்சி. இதோ போன் போடுதேன். இதோ.

ஏ ஆசீரு. நான்தாம்ப்பா. ஜெபக்கூட்டம் இல்ல, நான் பலவேசம் அண்ணாச்சி பண்ணையில் இருக்கேன். திட்டாத, முழுசாக் கேளு. பெட்டி ஓடுது. மிஷின்ல மாட்டி, காலையிலிருந்து ஓடுது. அண்ணாச்சி தொட்டுப் பார்த்துட்டு, பச்சைப்பிள்ளை உடம்பு மாதிரி இருக்குன்னார். உன்னை வரச் சொல்லுதார்... என்ன? நான் ஒண்ணும் பண்ணலை. என்ன மாத்தினேனா? எனக்கென்ன தெரியும் மாத்த? மேலயா? மேல ஒண்ணும் இல்லியே. உறை குஞ்சுக்குப் போயிட்டு. அந்த உறைதாம்ப்பா, லீலிப் பூ போட்டது. எப்பவா? தினமும்தான். நீ இருக்கும்போது இல்ல ராசா, உனக்குப் பிடிக்காதேன்னு நீ வெளியே போனதும்தான் போடுவேன். ஆசீரு? கேக்குதா? ஆசீரு?

சிக்னல் போயிட்டு போல. இல்ல, இருக்கான். மூச்சுச் சத்தம் கேக்குது. சிரிக்கானா அழுவுதானா, ஒண்ணும் விளங்கலை.

ஆ, சொல்லுப்பா. சரி. சரி. தொடலை. யாரையும் தொட விடலை. சரி, வா.

வச்சிட்டான். 'அம்மா, அதைத் தொடாதீங்க, எதையும் மேல போடாதீங்க, நான் வாரேன்'னான். அவ்வளவுதான் சொன்னான். பார்த்தீங்களா, இந்த நேரத்திலும் அவனுக்கு அந்த லேஸு வெட்கம். அண்ணாச்சி பார்த்தா என்ன நினைப்பார்னு. போகட்டும், வாரான்லா. குரல் வேற மாதிரி இருந்துச்சும்மா. முதல் பந்தி முகம்னு சொன்னேன்லா, அந்த முகத்தோட பேசின குரல். ஏர்போர்ட்டுக்குப் போற பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாச்சு, மாப்பிள்ளை அங்க ரூம்பு பார்த்து வச்சாச்சு. வாசல்ல இருக்க பையைத் தூக்கிட்டு வாரானா, போட்டுட்டு வாரானா? கேட்டிருக்கலாம். வண்டியில் வந்தா ஒரு மணி நேரம். அதுவரைக்கும் நான் எப்படி உட்கார? பெட்டியைத் தொடக்கூடாது, உறையும் கையில் இல்ல, கண்ணாடிகிட்டப் போனா இசக்கியம்மா முறைக்கா.

அந்தக் குஞ்சை இப்படிக் குடுங்கம்மா. எனக்கு எதையாவது பொத்தி வச்சுக்கிடணும். இல்லம்மா, முகத்தை மூடமாட்டேன். பயப்படாதீங்க. மூச்சு விட வேண்டாமா அது? எனக்குத் தெரியாதா?